பிரித்துப் பார்க்காத சரக்கு

அம்மா, அப்பா, அக்கா, கூலிக்கு அழ வந்த இரண்டு பேர். நடுக்கூடத்தில் தலைமுதல் கால்வரை துணி போர்த்திய தம்பி. எல்லோரும் ஓவென்று அழுதுகொண்டிருக்க, துணிக்குள் இருந்தவன் தும்மினான்.

"அடக்குடா, சனியனே! பொண்ணு வீட்டுக்காரங்க வாசல்ல வந்தாச்சு." அக்கா முழங்காலால் ஓர் இடி இடித்தாள்.

வியாபாரமும் கூத்தும் கலந்த குலம் அது. யாரும் அழாமல் கொடுக்கிற சரக்கை அங்கே எவரும் வாங்க மாட்டார்கள், மாப்பிள்ளையானாலும் சரி. வாங்கியதை வீட்டுக்குப் போய்த்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். கொடுத்தவர் கதவைப் பூட்டிவிட்டால் சரக்கு திரும்பாது.

தம்பிக்கு வயது முப்பத்தாறு. குடித்த தம்ளரைக்கூட நகர்த்த மாட்டான். அவன் தொலைகிற சந்தோஷத்தில் வீட்டில் ஒருவருக்கும் கண்ணீர் வராமல், இரண்டு சம்பந்தம் வாசலோடு போய்விட்டது. அதனால்தான் இந்த முறை நடிகர் தெருவிலிருந்து மூன்று பேர். தம்பியும் அறையிலிருந்தே போர்த்திக்கொண்டு, கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துவிட்டான்.

"மூணாவது ஆள் எங்கய்யா?" என்று அக்கா கிசுகிசுத்தாள்.

"தொண்டை கட்டிடுச்சும்மா, வந்துடுவான்" என்றார் அழ வந்த தாடிக்காரர், விசும்பலை விடாமல்.

பெண்ணின் அம்மா உள்ளே வந்தாள். ஒவ்வொரு கன்னமாகத் தொட்டு ஈரம் பார்த்தாள்.

"நிஜ ஈரம்தான். எங்களுக்கு ஏழு கண்ணாடிக் கடை. மாப்பிள்ளை நாளைக்கே கடையில உட்காரணும். சம்மதமா?"

துணி வேகமாகத் தலையாட்டியது. போதாக்குறைக்குத் தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தது.

"கடைசி நாள்லயாவது பயலுக்குப் புத்தி வந்துச்சே!" அம்மாவுக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது.

வண்டி கிளம்பியது. அழ வந்த இருவரும் கூலிகூடக் கேட்காமல் அதன் பின்னாலேயே ஓடினார்கள்.

"பூட்டு, பூட்டு! மனசு மாறிடப் போறாங்க!" அப்பா பறந்தார். அக்கா கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினாள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓர் ஆட்டம் போட்டார்.

உள்ளறையிலிருந்து நீளமாக ஒரு கொட்டாவி கேட்டது.

"அக்கா, எல்லாரும் போயாச்சா? பசிக்குது."