தலைகீழாக நின்ற பிரஷ்

“பார்த்தீங்களா மச்சான்? நேத்தைவிட இன்னிக்கு இதழ் நல்லா விழுந்திருக்கு!”

கட்டிலில் சாய்ந்தபடி, பூ வரைந்த மரத்தட்டை இடது கையால் தூக்கிக் காட்டினார் ஓவியர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறார், தட்டுகளைச் செய்து தரும் தச்சர். ஓவியரின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன் அவர்.

“நுனிதான் மொண்ணை. பிரஷ்ஷுல ஒரு ஓரம் சிவப்பு, மறு ஓரம் வெள்ளை தொட்டதெல்லாம் சரி. அழுத்தித் திருப்பினதும் கையை லேசாத் தூக்கிட்டே வர வேணாமா? நாளைக்கு இதைச் சரி பண்ணணும்” என்று தன்னையே திட்டிக்கொண்டார். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் மனைவி.

அவர் பார்வை ஜன்னலோர டம்ளருக்குப் போனது. “அட கண்றாவியே! பிரஷ்ஷைத் தண்ணியில தலைகீழா நிக்க வச்சா மயிர் வளைஞ்சு போகாதா? சோப்புப் போட்டுக் கழுவி, நுனியை நீவிவிட்டு, படுக்க வச்சுல்ல காய விடணும்? யாரு வச்சது?”

“நீங்கதாங்க. மறந்திருப்பீங்க” என்றாள் அவசரமாக.

“நானா? கையோட சேர்ந்து புத்தியும் போச்சு போல.”

தங்கையின் பின்னாலேயே அடுப்படிக்குப் போனார் தச்சர். “கை தேறிடும் போலிருக்கே, தங்கச்சி!”

அவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். “எங்கண்ணே தேறுது? காலையில அந்த விழுந்த கையால அவர் கிறுக்கறதை, மாத்திரை போட்டுத் தூங்கினதும் துடைச்சிட்டு நான்தான் வரையறேன். ஒரு பூ ஒழுங்கா இருந்தாத்தான் அவருக்கு அன்னிக்குச் சோறே இறங்குது.”

“டாக்டர் என்ன சொல்றாரு?”

“கை இனிமே வராதாம். இன்னொரு தடவை இழுத்துச்சுன்னா ஆளே...” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “நல்லா இருந்தப்ப, ‘வந்து கத்துக்கடி, நாளைக்கு உனக்கு ஒரு பொழப்பு ஆகும்’னு தலைபாடா அடிச்சுக்கிட்டார். நீங்க இருக்கறப்ப எனக்கு எதுக்குன்னுட்டேன். இப்ப திருட்டுத்தனமா வரையறேன். அவர்கிட்ட மூச்சு விட்டுடாதண்ணே. தெரிஞ்சா உயிரையே விட்டுடுவார்.”

தச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். ஓவியர் இடது கையால் பிரஷ்ஷின் வளைந்த நுனியை நீவிக்கொண்டிருந்தார்.

“கவலைப்படாதீங்க மாப்ளே. கை சீக்கிரமே பழையபடி வந்துடும்” என்றார் தச்சர்.

ஓவியர் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“என் கை போனது போனதுதான் மச்சான். நான் கண்ணை மூடறதுக்குள்ள அவ அந்த இதழ் நுனியைக் கத்துக்கிட்டாப் போதும்.”