பூட்டிய வீட்டில் ஒரு காப்பி

நமக்கு என்ன தேவைப்படும் என்று கணித்து, ஆர்டர் போடும் முன்பே அனுப்பிவிடுவதுதான் இப்போது ஆன்லைன் கடைகளின் வழக்கம். ஸ்டெல்லா அன்று சுமந்துவந்த பெட்டியில் இருப்பதை அவள் போன் காட்டியது: கோடி வேட்டி, நெய்ப்பந்தம், வாய்க்கரிசி.

கதவைத் திறந்தவர், அங்கே தனியாக வசிக்கும் சிதம்பரநாதன். கையில் பாதி கடித்த கொய்யா.

“பார்சல் எனக்கா? நான் ஒண்ணும் போடலையேம்மா!”

“அட்ரஸ் மாறிப்போச்சுய்யா.”

“அதனால என்ன? மூணு மாடி ஏறி வந்திருக்க. காப்பி குடிச்சிட்டுப் போ.”

அவர் அடுக்களைக்குள் போனதும், கூடத்தில் உட்கார்ந்தபடியே ஸ்டெல்லா போனில் ‘வீடு பூட்டியிருக்கிறது’ என்பதை அழுத்தினாள். ‘நாளை மறுபடி கொண்டுசெல்லவும்’ என்று உடனே பதில் வந்தது.

“சர்க்கரை போடலாமாம்மா?”

“போடுங்கய்யா. நாளைக்கும் வருவேன்.”