ஆணிக்கு ஒரு முடி

“முடிய எங்கப்பா புடிக்கிறது?” என்றார் பூசாரி, கையில் ஆணியோடு.

கேள்வி நியாயம்தான். பேய் பிடித்தவனின் உச்சி முடியைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடித்தால்தான் பேய் அங்கேயே தங்கும். தமிழழகனுக்கோ பேரில் இருந்த அழகு தலையில் இல்லை, புருவத்துக்கு மேலே விளைச்சலே கிடையாது. கல்வராயன் மலை ஏறி வந்தும் காரியம் கெட்டுவிடுமோ என்று மண்டையைத் தடவிக்கொண்டான்.

பிடித்திருந்தது வேறு யாரும் இல்லை. செத்துப்போன மூத்த சம்சாரம் விஜயலட்சுமி.

வடக்கனந்தல் வீட்டில், விடிந்தும் விடியாத நேரத்தில் வருவாள். கிணற்றடியிலோ மாட்டுக் கொட்டகையிலோ முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் செம்பட்டைப் பின்னல், நுனியில் லேசான சுருள். அந்த முடியை அவன் மறப்பானா? வாரும்போது உதிர்வதைக்கூட எறிய மனசில்லாமல், சுருட்டிச் சுருட்டி டப்பாவில் போட்டு வைத்த மகராசி ஆயிற்றே. பயத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான். திறந்தால் ஆள் இருக்காது.

கள்ளக்குறிச்சி டாக்டரிடமும் போய்ப் பார்த்தாயிற்று. தலை வழுக்கைக்கு அலோபீசியா, இல்லாதது கண்ணுக்குத் தெரிவதற்கு ஹாலூசினேஷன் என்று இரண்டு பெயர் சொன்னார். இரண்டும் அக்கா தங்கச்சி பேர் மாதிரி இருந்ததால், எந்த மாத்திரை எதற்கு என்று அவனுக்குக் கடைசி வரை விளங்கவில்லை. கூடப் போயிருந்த இளைய சம்சாரம் நிர்மலா, “இது பொம்பளைங்களுக்கும் வருமாங்க?” என்று டாக்டரிடம் மெதுவாகக் கேட்டாள். பாவம், பேய் தனக்கும் தெரியுமோ என்று பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

மாத்திரை தீர்ந்தது. முடியும் வரவில்லை, விஜயலட்சுமியும் போகவில்லை.

மூத்தவள் கோபம் இளையவள் மேல்தான் திரும்பும் என்று ஊரே சொன்னது. நிர்மலாவுக்கு ஒன்று ஆகிவிட்டால் அவன் தாங்க மாட்டான். அதனால் இன்றைக்கு இது ஒழியாவிட்டால், அவளை நைனார்பாளையத்தில் அம்மா வீட்டில் விட்டுவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தான். வழியெல்லாம் அவள் அழுதுகொண்டே வந்தாள். அவளை அனுப்பிவிட்டு வெறும் வீட்டில் எப்படி இருப்பது என்று அவனுக்கும்தான் தெரியவில்லை.

பூசாரி தாடியைச் சொறிந்து யோசித்துவிட்டு நிர்மலாவைப் பார்த்தார். “பொஞ்சாதி பாதி ஒடம்பு. ரிஷிவந்தியத்துல சாமியே பாதி அம்மனாத்தான் நிக்கிது. அந்தம்மா உச்சி முடி ஒண்ணு குடு, போதும்.”

தமிழழகனுக்கு உயிர் வந்தது. நிர்மலாவோ பின்னால் நகர்ந்து, கனகாம்பரம் சுற்றிய கொண்டையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கொண்டை அவிழ்ந்து அவன் பார்த்ததில்லை.

“வேணாங்க. நான் அம்மா வூட்டுக்கே போயிடுறேன்.”

“ஒரு முடிக்கு இன்னாத்துக்கு பயந்துகினு கீற? வலிக்காம எடுக்குறேன்.”

கொஞ்சலாகத்தான் அவள் கையை விலக்கினான். கொண்டைக்குள் விரலை விட்டு ஒரு முடியைப் பிடித்து இழுத்தான்.

கொண்டையே கையோடு வந்துவிட்டது. பூ உதிர்ந்து, சுருள் பிரிந்து, தரை வரை தொங்கியது. செம்பட்டைப் பின்னல். நுனியில் லேசான சுருள்.

“விஜயா...” என்றான். பூசாரி ஆணியைக் கீழே போட்டுவிட்டார்.

நிர்மலா முந்தானையைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டு குனிந்து நின்றாள்.

“அக்கா இல்லீங்க, அக்கா முடி... விடியக்காலைல நீங்க எழுந்திரிக்கறதுக்குள்ள நான்தான் வச்சிக் கட்டிக்குவேன். எனக்கும் ஒங்க தலதாங்க.”