படத்தில் இடிக்காத தலை

"கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி, நீங்க வரைஞ்ச படிக்கட்டுல ஒரு தடவை ஏறிப் பாருங்க தம்பி," என்றார் மேஸ்திரி.

பயிற்சிக்கு வந்தவர் பலகைப் படிகளில் ஏறினார். ஏழாவது படியில் ஹெல்மெட் மேலேயிருந்த பீமில் 'ணங்'கென்று இடித்தது.

"படத்துல சரியாத்தானே இருந்துச்சு?"

"படத்துல ஏறுறவனுக்குத் தலை ஏது?"

கல்லூரியின் புதிய திட்டப்படி எல்லாருக்கும் வாரத்தில் ஒரு நாள் கட்டடத்தில் வேலை. மேஸ்திரி நோட்டில் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் கல்லூரிக்குள் கால் வைக்க முடியும்.

"கையெழுத்தை மட்டும் போட்டுடுங்களேன்."

"பலகையைப் பிரிச்சு மறுபடி அடிங்க, போடுறேன். ஆமா, வேற யாரும் இப்படி வரையலையே?"

"எங்க வகுப்புல அறுபது பேரும் இப்படித்தான் வரைஞ்சிருக்காங்க."

"விளங்கிடும்," என்றார் மேஸ்திரி.

மறுநாள் காலை, பயிற்சிக்கு வந்தவர் வகுப்பில் நுழைந்ததும் அறுபது பேரும் எழுந்து நின்றார்கள். பேராசிரியர் ஹெல்மெட்டை மேசைமேல் வைத்தார்.

"நான் நடத்துன படிக்கட்டுப் பாடத்தை அப்படியே அடிச்சிடுங்க. முதல்ல இருந்து வரையலாம்."

முன்வரிசை மாணவி தயங்கிக் கேட்டாள்: "உங்களுக்காவது மேஸ்திரி கையெழுத்துப் போட்டாரா சார்?"

"இல்லம்மா. எனக்கும் முதல்ல இருந்துதான்."