ஹாலுக்குள் நாலாவது தடம்

புறநகர் ரயிலுக்கு நாலாவது தடம் போட வெளியே இடமில்லையென்று, ஓரத்து வீடுகளின் ஹால் வழியாகவே போட்டுவிட்டார்கள். கோதண்டம் வீட்டு ஹாலில் இப்போது சோபா கிடையாது, தண்டவாளம்தான். ரயில் தன் வீட்டுக்குள்ளேயே வருகிறதென்று ஆபீஸில் ஒரு வாரம் பெருமையடித்துக்கொண்டான். ஏறி இறங்க மட்டும் பழையபடி ஷேர் ஆட்டோவில் பல்லாவரம் ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டும்.

மகள் மகிழினியின் பிறந்தநாளன்று மாலை, சிக்னல் கிடைக்காமல் அவன் ஏறி வந்த ரயில் அவன் வீட்டு ஹாலிலேயே நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கைக்கெட்டும் தூரத்தில் கேக், மெழுகுவத்தி, மனைவி பரிமளா.

கோதண்டம் கூட்டத்தை இடித்துக்கொண்டு கதவருகே வந்தான். டிக்கெட் பரிசோதகர் கையை நீட்டி மறித்தார்.

"எங்க சார் இறங்குறீங்க?"

"இது என் வீடு சார்!"

"அதத்தான் நானும் சொல்றேன். வீடுதானே, ஸ்டேஷன் இல்லியே. இறங்கினா ஃபைன்."

'பாவம், விடுங்க சார்' என்று பெட்டியில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. எல்லார் கையும் கேக்குக்காக ஜன்னலுக்கு வெளியே நீண்டிருந்தது. வீட்டுக்கு வந்தவர்களுக்கு இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லாத பரிமளா வெட்டி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "இத அவருகிட்ட குடுத்துடுங்க" என்று அவள் நீட்டிய கடைசித் துண்டு, நாலு கை மாறுவதற்குள் காணாமல் போனது.

சிக்னல் கிடைத்து ரயில் நகர்ந்தது.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்த அப்பாவைப் பார்த்து மகிழினி கையசைத்தாள்.

"டாட்டா அப்பா! பத்திரமா போயிட்டு வாங்க!"