இரண்டு நாற்காலி, ஒரு விளக்கு

“ஐயா, போனை எடுக்காதீங்க! எடுத்தா விளக்கு அணைஞ்சுரும்னு சொன்னனுங்களே!”

இலக்கியா சொல்லி முடிப்பதற்குள் அணைந்துவிட்டது. மனைவிக்கு எதிரே உட்கார்ந்திருந்த சென்னியப்பன் அசடு வழியச் சிரித்துவிட்டு, போனில் குனிந்து எதையோ தட்டத் தொடங்கினார்.

குமாரபாளையத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் டிசைன் மாணவர்களின் கண்காட்சி. இலக்கியா செய்திருந்தது எளிமையானது. ஒரு மேஜை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, மேலே ஒரு விளக்கு. உட்காருகிற இருவரும் தங்கள் போனை மேஜையிலுள்ள குழிகளில் வைத்தால் விளக்கு எரியும். ஒருவர் எடுத்தாலும் அணைந்துவிடும்.

வீட்டில் அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு போனோடு சாப்பிட உட்காருவதைப் பார்த்துப் பார்த்துப் புழுங்கித்தான் இதைச் செய்தாள். காலையில் முறைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்த அக்காவும் தங்கையும், எழுந்து போகும்போது கை கோத்துக்கொண்டு போனார்கள். அப்போதே பரிசு கிடைத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

இப்போது நடுவர்கள் பக்கத்து மேஜை வரை வந்துவிட்டார்கள். இந்த நேரம் பார்த்து இப்படி ஒரு தம்பதி!

“எந்த ஊருங்கய்யா?” என்று பேச்சுக் கொடுத்தாள். அவர் சிரித்தார். பதில் மனைவி வசந்தாமணியிடமிருந்து வந்தது.

“எடப்பாடிப் பக்கம் சாமி. பவானியில ஒரு கல்யாணம். திரும்பயில போர்டைப் பார்த்துட்டு, உள்ள போலாம்னு இவருதான் ஒத்தக் கால்ல நின்னாரு.”

“அப்ப ரெண்டு பேரும் போனை வெச்சுட்டு, கொஞ்ச நேரம் பேசிட்டு இருங்கம்மா.”

“வெச்சாப் போச்சு!” வசந்தாமணி தன் போனைக் குழியில் வைத்தாள். அவரும் வைத்தார். விளக்கு எரிந்தது.

“நல்லா இருக்குதுங்க, இல்ல?” என்றாள் அவரிடம். அவர் தலையாட்டினார். அதற்கு மேல் பேச்சில்லை. அவள் விளக்கையே பார்த்தாள். அவர் மேஜையைத் தடவிக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்த முன்பின் தெரியாதவர்கள் போல இருந்தார்கள்.

இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்துவிட்டு, பேச ஒன்றுமே இல்லாமல் போய்விட்டதா? இலக்கியாவுக்கு மனசு கனத்தது.

அவர் கை மெல்ல ஊர்ந்து மறுபடி போனை எடுத்தது. விளக்கு அணைந்தது. சாக்குக் கிடைத்த மாதிரி வசந்தாமணியும் தன் போனை எடுத்தாள். படித்தாள். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“ஐயோ, போதுமுங்க! எனக்குப் பொரையேறுது” என்றாள் போனைப் பார்த்தபடியே. கொஞ்ச நேரத்தில், “அட, இப்படியெல்லாமா சொல்லுவாங்க? யாராச்சும் பார்த்தா என்ன நெனைப்பாங்க?” என்று வெட்கத்தோடு வாயைப் பொத்திக்கொண்டாள்.

யாருக்கோ வாய்ஸ் மெசேஜ் போடுகிறாள், புருஷனை எதிரே வைத்துக்கொண்டே! அவரோ தலை நிமிராமல் தன் போனே கதியென்று இருந்தார்.

நடுவர்கள் வந்து நின்றார்கள். எரியாத விளக்கை ஒருவர் அண்ணாந்து பார்த்தார். இலக்கியா வசந்தாமணி பக்கம் குனிந்தாள்.

“கோவிச்சுக்காதீங்கம்மா. உங்க ஊட்டுக்காரரு எதிர்லயே இருக்காரு. அவரை விட்டுட்டு அப்படி யாருகூடத்தான் பேசறீங்க?”

வசந்தாமணி சிரிப்பில் நனைந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“இவருகூடத்தான் சாமி! கொரல் இருந்த காலத்துல ‘சோத்தப் போடு’ங்கறதுக்கு மேல ஒரு வார்த்தை பேசுனதில்ல. போன வருசம் தொண்டையில ஆபரேசன் பண்ணிக் கொரலே போனப்புறம், போன்ல எழுதியனுப்பப் பழகுனாரு பாரு... அன்னியிலிருந்து மனுசன் வாய் ஓயறதே இல்ல!”