பாலாம்பாள் கேட்ட பெரிய வண்டி

"இதைவிடப் பெரிசா இல்லையா?" என்று பாலாம்பாள் கேட்டதும் ராஜாராமன் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய அந்த ஷெட்டில் வேன்களை வீடாக மாற்றி விற்பார்கள். எதிரே நின்ற கேரவனுக்குள் கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் இருந்தன. அதுவே ஒரு மினி பஸ் அளவுக்கு இருக்கிறது, இவள் இதைவிடப் பெரிசு கேட்கிறாள்!

"இதாம்மா இருக்கறதுலயே பெருசு," என்றான் ஷெட்டின் முதலாளி சூர்யா. "ராஜஸ்தான் பாலைவனம் வரைக்கும் ஜம்முனு போய்ட்டு வரலாம். உங்க சின்ன வேனை நான் எடுத்துக்கறேன்."

ராஜாராமன் ரிட்டையர் ஆனதிலிருந்து கணவனும் மனைவியுமாக அந்தச் சின்ன வேனில்தான் ஊர் சுற்றினார்கள். ஹம்பி, கூர்க், கோகர்ணம் என்று எங்கே போனாலும் ஓட்டுவது அவர், பக்கத்தில் முறுக்கு டப்பாவோடு உட்கார்ந்து வழி சொல்வது அவள். இதுவே சொர்க்கம் என்று இருந்தவள் கொஞ்ச நாளாகப் பெரிய வண்டிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். தினமும் காலையில் மாடம்பாக்கம் சிவன் கோயிலுக்கு வேறு கிளம்பிவிடுகிறாள், குதிகால் வலிக்கிறது என்று லேஸ் கட்டிய கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு. இன்றும் காலில் அதே ஷூதான்.

பெரிய வண்டிக்காக வேண்டிக்கொள்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தபோதெல்லாம் அவருக்கு நெஞ்சு கனத்தது. ஏனென்றால் தாம்பரத்துக் கண் டாக்டர் சொன்னது அவருக்கு மட்டும்தான் தெரியும். "இடது கண்ல பக்கவாட்டுப் பார்வை போயிடுச்சு சார். இனிமே ஸ்டியரிங்கைத் தொடாதீங்க."

அன்றிலிருந்து பேட்டரி சரியில்லை, டயர் சரியில்லை என்று சாக்குச் சொல்லியே காலத்தை ஓட்டினார். இன்றைக்குக்கூட ஆட்டோவில்தான் வந்தார்கள். உண்மையைச் சொன்னால் ஊர் சுற்றுவதெல்லாம் அன்றோடு சரி. பிறகு ஃப்ளாட்டில் டி.வி.க்கு முன்னால் ஆளுக்கொரு நாற்காலி. அதை நினைத்தாலே அவருக்கு அழுகை வந்தது.

"சார், கேட் வரைக்கும் ஓட்டிப் பாருங்க," என்று சூர்யா சாவியை நீட்டினான்.

"எதுக்குப்பா, பார்த்தாலே தெரியறதே."

"இன்னா சார் நீங்க, ஓட்டிப் பாக்காம யாராவது வண்டி எடுப்பாங்களா?"

ராஜாராமன் மனைவியைப் பார்த்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா?

"ஏன்னா, ஏதாவது சொல்லணுமா?" என்று பாலாம்பாள் அவர் முகத்தையே பார்த்துக் கேட்டாள்.

"ஒண்ணுமில்லையே."

"அப்போ ஓட்டுங்கோ."

குள்ளமான பாலாம்பாள் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி ஒருவழியாக ஏறிப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். முன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பாடா, எல்லாம் எவ்வளவு நன்னாத் தெரியறது!"

அவருக்குத்தான் ஒன்றும் நன்றாகத் தெரியவில்லை. வண்டியை மெல்ல நகர்த்தினார். கேட்டுக்கு வெளியே பஸ்களும் லாரிகளும் இரைந்துகொண்டு போயின. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். சொல்லிவிடலாமா? சொன்னால் எல்லாம் போச்சு. சொல்லாவிட்டால்? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் தன்னை நம்பி ஏறியவள் ஆயிற்றே!

கேட் நெருங்கியது. திடீரென்று வண்டி குலுங்கி நின்றது.

அவர் பிரேக்கை மிதிக்கவே இல்லை. வண்டிக்கு இடது பக்கம் பிளைவுட் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்த வேலையாள் ஒருவன் மயிரிழையில் தப்பி, பலகையைக் கீழே போட்டான்.

"யோவ் பெருசு! கண்ணு பின்னாடியா கீது?"

ராஜாராமன் திரும்பினார். அப்போதுதான் பார்த்தார். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்திருந்தது பாலாம்பாளின் கை.

அவர் இன்ஜினை அணைத்தார்.

"பாலா, இந்த வண்டி நமக்கு வேண்டாம். எந்த வண்டியும் வேண்டாம். என் கண்ணு..."

"தெரியும்," என்றாள் அவள். "இடது பக்கமா வந்து கூப்பிட்டாத் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பறேள். கூடவே இருக்கறவளுக்குத் தெரியாதா? இந்த கேட்டைத் தாண்டறதுக்குள்ளயாவது வாயைத் திறப்பேள்னு பார்த்தேன்."

"தெரிஞ்சுண்டேவா பெரிய வண்டி கேட்டே? இதை யார் ஓட்டறது?"

பாலாம்பாள் குனிந்து ஷூ லேஸை இறுக்கிக் கட்டினாள்.

"ஏன்னா, கோயிலுக்கு யாராவது லேஸ் கட்டற ஷூ போட்டுண்டு போவாளா?"

அவர் அந்த ஷூவையே பார்த்தார். அவள் கதவைத் திறந்து இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் வந்து நின்றாள்.

"லைசென்ஸ் வந்தாச்சு, நகருங்கோ. அந்தக் குட்டி வேன்ல ஸ்டியரிங் பின்னாடி உக்காந்தா எனக்கு ரோடே தெரியலை!"